பாலறிவை மறைப்பதா பண்பாடு?

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் இளையோர்க்குப் பாலறிவு புகட்டலாமா, கருத்தடை பற்றிச் சொல்லலாமா, கருத்தடைப் பொருள்களைப் பள்ளியிலேயே தரலாமா என்னும் வினாக்கள் எழும்போதெல்லாம், 'நம் பண்பாடு என்னாவது?' என்னும் எதிர்வினாவே விடையாகத் தரப்பெறுகின்றது. எவர் பண்பாடு என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. தமிழர்க்கெனத் தனிப் பண்பாடு உண்டு. அதனை வரையறுத்த நூல்களும் உண்டு. அவற்றை அளவுகோலாகக் கொண்டே இவ்வழக்கை நாம் தீர்த்துக்கொள்ளுதல் கூடும்.

என் முடிவை முதற்கண்ணே சொல்லிவிடுகின்றேன். பாலறிவைப் பள்ளி தரல் வேண்டும். கருத்தடை பற்றிய அறிவையும் பள்ளியே தரல் வேண்டும். கருத்தடைப் பொருளை மருத்துவமனை தரல் வேண்டும். இவை அனைத்தும் தூய தமிழில் நடைபெறல் வேண்டும்.

தடையின் வேர்

நடுவணரசின் கல்வித்துறையும் எயிட்சு நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பும் கூடி, வளரிளம் பருவத்தினர்க்கான கல்வித் திட்டம் ஒன்றை வகுத்தன. 2007-ஆம் ஆண்டில் மராட்டியம், குசராத்து, மத்தியப் பிரதேசம், கருநாடகம் முதலிய மாநிலங்கள் அதனைத் தம் பள்ளிகளில் தடை செய்தன. 2009-இல் வெங்கையா நாயுடு தலைமையிலமைந்த மாநிலங்களவை மனுக்குழு, இக்கல்வி இந்நாட்டுப் பண்பாட்டுக்கு ஒவ்வாதென்றும், மணத்துக்கு முன் உறவு தகாது என்பதே மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி என்றும் முடிவு கூறியது. 'இந்தியப் பண்பாடு' என்று அக்குழு சுட்டியது எது? பெண் பூப்பெய்துமுன் அவளை மணம் முடித்துக் கொடுத்தல் அறம் என்று விதித்த ஆரிய நூல்களின் பண்பாடா? அது நமக்கு என்றும் உரியதன்று.

இக்கல்வி மேலை நாட்டுச் சரக்கு என்பது அடுத்த குற்றச்சாட்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2024 செபுதம்பர்த் திங்களில் தீர்ப்பளித்த இந்திய உச்சமுறைமன்றம், அவ்வெண்ணம் பிழையானது என்று கூறி, முழுமையான பாலறிவுக் கல்விக்கு வழிகாணுமாறு நடுவணரசுக்கு அறிவுறுத்தியது. முறைமன்றம் சொல்லித்தான் தமிழன் இதனை அறியவேண்டும் என்பதில்லை. தொல்காப்பியம் கற்றவனுக்கு இது பழஞ்செய்தி.

தமிழ் மறைத்ததா?

எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கண்ட மொழிகள் பல. வாழ்க்கையாகிய பொருளுக்கும் இலக்கணம் கண்டது தமிழ். அப் பொருளிலும் அகத்தை முன்வைத்துப் புறத்தைப் பின்வைத்தான் தமிழன். களவியலென்றும் கற்பியலென்றும் இயல் வகுத்து, ஆணும் பெண்ணும் கூடும் ஒழுக்கத்தை ஆய்ந்தான். பூப்பெய்திய பின் பன்னிரு நாள்கள் தலைவன் தலைவியைப் பிரிந்துறைதல் கூடாது என்று கற்பியல் கூறுகின்றது. கருவுறுதற்குரிய காலத்தை எண்ணியே இவ்விதி அமைந்ததென உரையாசிரியர் விளக்குவர். நாள்கணக்கில் வேறுபாடு இருக்கலாம். இற்றை மருத்துவம் திருத்தியும் உரைக்கலாம். ஆயின், பூப்பையும் கருவையும் நூலில் எழுதவும், எழுதியதை மாணாக்கனுக்குச் சொல்லவும் தொல்காப்பியர் நாணவில்லை என்பதே நாம் கருதத்தக்கது.

அதனினும் பெரிதொன்று உண்டு. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பிரித்து, இரண்டனையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தினார் அவர். பெருந்திணையின் வகைகளுள் காமத்தால் வன்மை செய்தலும் ஒன்று. பெண்ணின் இசைவின்றி நிகழ்வது காதலாகாது என்னும் கொள்கை இதனுள் அடங்கியுள்ளது. மறுத்த பெண்ணைத் தெருத்தெருவாய்ப் பின்தொடர்வதே ஆண்மையென்று திரைப்படம் பதினாறு அகவை மாணவனுக்குக் கற்பிக்கின்றது. அது கைக்கிளை, அது மிஞ்சினால் பெருந்திணை, இரண்டும் இழுக்கு என்று கற்பிக்கும் கடமை தமிழாசிரியர்க்கு உண்டா இல்லையா? பாலறிவின் முதற்பாடமே இசைவு என்பதுதான். அது நம் இலக்கணத்தில் இருக்கின்றது.

இருந்தும் நாம் செய்வதென்ன? உயர்முறைமன்ற மதுரைக் கிளை 2016-இல், திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் ஆகியவற்றின் 108 அதிகாரங்களை 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகட்குப் பாடமாக்கப் பணித்தது. போற்றத்தக்க ஆணையே. ஆயின் காமத்துப்பாலின் 25 அதிகாரங்கள் பள்ளிவாயிலின் வெளியே நின்றுவிட்டன. முப்பாலென்று பெயரிட்டுவிட்டு இருபாலை மட்டும் ஊட்டும் நாம், வள்ளுவரினும் ஒழுக்கத்தில் உயர்ந்துவிட்டோமா?

ஊரறியச் சடங்கு, உற்றவள் அறியாமை

நம் நெல்லைப் பக்கத்தில் பெண்பிள்ளை பூப்பெய்தினால் சடங்கு வைக்கின்றோம். தாய்மாமன் சீர் வருகின்றது, ஒலிபெருக்கி முழங்குகின்றது, அப் பிள்ளையின் படத்தைப் பேரளவில் அச்சிட்டுத் தெருமுனையில் நிறுத்துகின்றோம். அவள் பெரியவளானதை ஊரே அறிகின்றது. அவள் உடலுக்குள் நிகழ்ந்தது யாதென்பதை மட்டும் அவளிடம் சொல்வாரில்லை. திங்கள்தோறும் அதனைத் 'தீட்டு' என்கிறோம். 'வீட்டுக்குத் தூரம்' என்கிறோம். ஊருக்கு விழாவாகவும் உரியவளுக்கு இழிவாகவும் ஒரே செய்தியைக் காட்டும் நாம், பள்ளி அதனைப் பாடமாகச் சொன்னால் நாணம் கெடும் என்கின்றோம்!

அறிவு வந்த பழைய வழிகளும் இன்று அடைபட்டு வருகின்றன. மாஞ்சோலையை எண்ணிப் பாருங்கள். சிங்கம்பட்டிச் சமீனின் மலைக்காட்டை 1929-இல் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற பம்பாய் பர்மா வணிக நிறுவனம், குத்தகை முடியுமுன்னரே 2024-இல் தொழிலாளரை விருப்ப ஓய்வில் வெளியேறச் சொல்லியது. காக்காச்சியிலும் நாலுமுக்கிலும் ஊத்திலும் குதிரைவெட்டியிலும் தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து பறித்த குடும்பங்களுட் பல சமவெளிக்கு இறங்கின. மலைமீது சுவரொட்டிய வரிசை வீடுகளில் ஒரு பிள்ளையைச் சுற்றிப் பத்துத் தாய்மார் இருந்தனர். பாட்டியும் அத்தையும் அரைகுறையாகவேனும் எதையோ சொல்லிவைத்தனர். அவ்வாறு இறங்கிய குடும்பத்துப் பிள்ளை, அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ குடிக்கூலி அறையொன்றில், தாயும் தந்தையும் கூலிக்குச் சென்றபின் தனித்திருப்பாளாயின் அவளுக்குச் சொல்வார் யார்? கையிலுள்ள அலைபேசிதான் ஆசிரியன். அது கற்பிக்கும் பாடத்தின் கேட்டை நான் எழுத வேண்டுவதில்லை.

அறிவின்றி வந்த கருத்தடை

கருத்தடை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1956-ஆம் ஆண்டிலேயே சென்னை மாநில அரசு, ஆர்.ஏ. கோபாலசாமியின் முயற்சியால், அறுவைக்கு உடன்படுவார்க்குப் பணம் தரத் தொடங்கியது. 2019-21 நாட்டுக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு 57-க்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதாவது, இரு பிள்ளை பெற்ற பின் பெண்ணின் வயிற்றில் கத்தி வைப்பதே நாம் அறிந்த கருத்தடை. பெறுமுன் தள்ளிவைக்கவும் இடைவெளி விடவும் உள்ள வழிகளைப் பதினெட்டிலோ இருபதிலோ அவளுக்கு எவரும் சொல்லவில்லை.

தோட்டங்களில் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. தென்னிந்தியத் தோட்ட முதலாளியர் கூட்டமைப்பாகிய உபாசி, 1971-இல் நீலமலைத் தோட்டங்கள் சிலவற்றில் ஒரு திட்டம் நடத்தியது. கருவுறாதிருக்கும் ஒவ்வொரு திங்களுக்கும் தொழிலாளிப் பெண்ணின் பெயரில் ஐந்து உரூபா சேர்த்து வைத்து, மகப்பேற்றுக் காலம் கழிந்தபின் கொடுப்பது என்பதே அத்திட்டம். அவள் கருப்பைக்கு முதலாளி கணக்கு எழுதினான்! கடல் கடந்து ஈழத்தைப் பாருங்கள். 2013-இல் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய ஊர்களில், பிள்ளைகளின் மருத்துவ ஆய்வுக்கென அழைக்கப்பெற்ற தாய்மார்க்கு, உரிய விளக்கமின்றித் தோளடிக் கருத்தடைக் குச்சி செருகப்பட்டதாக முறையீடு எழுந்தது.

இவை காட்டும் உண்மை ஒன்றே. தன் உடலைப் பற்றிய அறிவு தன்னிடம் இல்லாதவளின் உடலை, அரசும் முதலாளியும் பகைவனும் ஆள்வர். கருத்தடையைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. அறிவின்றி வரும் கருத்தடையையே அஞ்சவேண்டும். தந்தை பெரியார் 1930-களிலேயே, பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்று எழுதி, மக்கள்தொகைக்கும் வறுமைக்குமாக அதனைப் பேசியோரினின்று தம்மை வேறுபடுத்திக் கொண்டார். பாவேந்தர் 'தவிப்பதற்கோ பிள்ளை' என்று பாட்டே எழுதினார். அவர்கள் தெருவில் பேசியதை நாம் வகுப்பறையில் பேச அஞ்சுவதா?

பொருளைப் பள்ளி தரலாமா?

பள்ளியிலேயே உறைகளும் மாத்திரைகளும் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. ஆசிரியன் மருத்துவன் அல்லன். எம்மாத்திரை எவ்வுடலுக்கு ஒவ்வும் என்று ஆய்ந்து கொடுப்பது மருத்துவர் கடமை. மேலும், யார் வாங்கினார் என்பது மாலைக்குள் பள்ளி முழுதும் பரவும். சாதிவெறியரின் செவிக்கும் எட்டும். அதன் விலையைப் பெண்ணே கொடுப்பாள்.

எனவே, இன்னின்ன வழிகள் உள, இவற்றை இன்ன மருத்துவமனையில் பெறலாம் என்பதைப் பள்ளி சொல்லட்டும். பொருளை மருத்துவமனை கொடுக்கட்டும். வளரிளம் பருவத்தினர்க்கென மருத்துவ அறிவுரை நடுவங்களை அமைக்கும் திட்டமொன்றை நடுவணரசு 2014-இல் தொடங்கியது. அதன் பெயர் 'இராட்டிரிய கிசோர் சுவாத்திய காரியக்கிரம்'! மருந்தின் பெயரா மந்திரமா என்று மலையடிவாரச் சிறுமி மயங்க மாட்டாளா? 'இளையோர் நலமனை' என்று பெயரிட்டிருந்தால் அவளே வழி கேட்டுப் போயிருப்பாளே!

சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோச் சட்டப்படி பதினெட்டு அகவைக்குக் கீழ்ப்பட்டோரின் உறவு, இருவர் இசைவுடன் நிகழினும் குற்றமே. அதனை அறிந்த மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாகவேண்டும். வன்கொடுமையினின்று பிள்ளைகளைக் காக்க இச்சட்டம் இன்றியமையாதது. ஆயினும் காவலுக்கு அஞ்சி, கருவுற்ற சிறுமி போலி மருத்துவரிடம் ஓடும் நிலையும் இதனால் விளைகின்றது. 2022-இல் உச்சமுறைமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் வேண்டிக்கொண்டால், அவள் பெயரையும் அடையாளத்தையும் காவல்துறை அறிக்கையில் குறிக்கவேண்டுவதில்லை எனத் தெளிவுபடுத்தியது. இத் தெளிவைச் சிறுமியர்க்கு எடுத்துச் சொல்லவும் பள்ளி வேண்டும்.

ஐயங்கட்கு விடை

'சொல்லிக் கொடுத்தால் செய்து பார்ப்பர்' என்பர். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வழிகாட்டு நூல் வெளியிட்ட யுனெசுகோ, இக்கல்வியால் இளையோர் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை என்றே கண்டுள்ளது. சொல்லாதிருந்து நாம் கண்டதென்ன? அதே 2019-21 ஆய்வின்படி, இருபது முதல் இருபத்து நான்கு அகவையுடைய தமிழ்நாட்டுப் பெண்களுள் நூற்றுக்கு 12.8 பேர் பதினெட்டுக்கு முன்பே மணம் செய்விக்கப்பட்டவர்கள். நம் வாய்மூடல் எவரைக் காத்தது?

நம் இயக்கத்தாருள்ளும் சிலர்க்கு வேறோர் ஐயம் உண்டு. 'தமிழரின் எண்ணிக்கை குறைந்து வருகின்றது. அதனைக் காட்டி நாடாளுமன்ற இடங்களையும் குறைக்கப் பார்ப்பர். இந்நிலையில் கருத்தடையைக் கற்பிப்பதா?' என்பது அது. 1976-இல் நிறுத்திவைக்கப்பெற்றுப் பின் 2001-இல் நீட்டிக்கப்பெற்ற தொகுதிப் பங்கீடு பற்றிய அச்சம் பொய்யன்று. அளவாகப் பெற்ற மாநிலத்தைத் தண்டிப்பது கொடுமையே. ஆயின் அவ்வுரிமையைப் போராடிப் பெறவேண்டுமேயன்றிப் பதினாறு அகவைச் சிறுமியின் வயிற்றால் பெறலாகாது. இனத்தின் வலிமை தலைகளின் எண்ணிக்கையில் இல்லை. நலமும் அறிவும் மானமும் உள்ள தாய்மாரிடத்தில் இருக்கின்றது.

செய்ய வேண்டுவன

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் ஏலவே உள்ளது. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் உள்ளது. பல வகுப்பறைகளில் அப்பக்கம் வந்ததும், 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று தள்ளிவிடுகின்றனர். இனப்பெருக்க நலம் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் விரித்து உரைக்கப்பெறுகின்றது. வணிகமும் தொழிற்கல்வியும் பயில்வார் அதனைக் காண்பதில்லை. பத்தோடு நின்று வேலைக்குச் செல்லும் ஏழைப்பிள்ளை காண்பதேயில்லை. அவர்க்கே அது மிகுதியும் வேண்டும். எனவே அதனைப் பத்தாம் வகுப்புக்குள் அனைவர்க்கும் பொதுவாக்குக. ஆண்பிள்ளைகட்கும் ஒப்பக் கற்பிக்குக. ஆசிரியர்க்கு முன்னரே பயிற்சி அளிக்குக.

சொல்லைத் தரவேண்டியது தமிழ்ப் புலவர் கடன். ருது, கர்ப்பம், பிரசவம் என்றும், பீரியட்சு, அபார்சன் என்றும் பிறமொழித் திரைக்குள் ஒளிந்துகொள்வதால்தான் பேச நாணுகின்றோம். தாய்மொழியில் அதற்குரிய சொல்லாகத் தெருவோர வசைகளையே பிள்ளைகள் அறிகின்றனர். பூப்பு, கருப்பை, சூலகம், கருத்தடை, ஆணுறை, மகப்பேறு, கருக்கலைப்பு, இசைவு என்று தூய சொற்கள் நம்மிடம் உள்ளன. தூய சொல்லில் சொன்ன செய்தி தூய்தாகவே நிற்கும். வசைச்சொல்லினின்று தமிழை மீட்பதும், அறியாமையினின்று தமிழ்ப் பிள்ளைகளை மீட்பதும் இங்கே ஒரே பணியாகின்றன.

அகத்தை முன்வைத்து இலக்கணம் வகுத்த இனம் தன் மக்களிடம் அகத்தைப் பற்றிப் பேச அஞ்சுவது, முன்னோர்க்குச் செய்யும் மதிப்பன்று, மறதியே. தமிழாசிரியர்களே, எவரும் ஆணையிடட்டும் எனக் காத்திராதீர்கள். அடுத்த முறை வகுப்பில் அகப்பாடல் வரும்போது அப் பக்கத்தைத் தள்ளாதீர்கள். அங்கிருந்தே தொடங்குங்கள்.