ஆயிரம் ரூபாயில் நின்றுபோன சட்டம்

கடன் வழக்கில் தோற்றவரின் சம்பளத்தில் எவ்வளவு கைவைக்கலாம் என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு வகுத்திருக்கிறது. புரோநோட்டு வழக்கோ தனிநபர் கடன் வழக்கோ, டிகிரி (தீர்ப்பாணை) ஆனபின் கடன் கொடுத்தவர் இ.பி. (நிறைவேற்று மனு) போட்டுச் சம்பள ஜப்தி கேட்கலாம். அப்போதும் மாதச் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. எஞ்சியதைச் சம்பளம் வழங்குபவர் பிடித்து நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். உத்தரவை மீறி முழுச் சம்பளத்தையும் ஊழியரிடம் கொடுத்துவிட்டால் அந்தத் தொகைக்கு அவரே பொறுப்பு. (ஜீவனாம்ச டிகிரிக்குக் கணக்கு வேறு, அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு.) மூன்றில் இரண்டு பங்கை விட்டுவைப்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. உறுத்துவது அந்த ஆயிரம் ரூபாய்தான்.

குறைந்த சம்பளக்காரரிடம் குறைந்த விகிதத்தில் பிடிக்க வேண்டும் என்பதற்காக வைத்த தொகை அது. 1976 வரை முதல் இருநூறு ரூபாயும் மீதியில் பாதியும் விலக்காக இருந்தன. அந்த ஆண்டுத் திருத்தம் அதை நானூறு ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்குமாக உயர்த்தியது. 1999இல் நிறைவேறி 2002 ஜூலையில் நடப்புக்கு வந்த திருத்தம் நானூறை ஆயிரமாக்கியது. அதோடு சரி. 2002இல் மூவாயிரம் வாங்கியவரிடம் 667 ரூபாய் பிடிக்கலாம். சம்பளத்தில் 22 விழுக்காடு. இன்று பதினைந்தாயிரம் வாங்குபவரிடம் 4,667 ரூபாய் பிடிக்கலாம், 31 விழுக்காடு. லட்சம் ரூபாய் வாங்குபவருக்கோ 33 விழுக்காடு. வாடகை கட்டவே திணறுபவரையும் வசதியாக இருப்பவரையும் பிரித்துக் காட்ட வேண்டிய தொகை, இப்போது அவர்களுக்கிடையே இரண்டு விழுக்காடு வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது.

தொழிலாளர்களின் கூலியையும் வீட்டுவேலை செய்பவர்களின் ஊதியத்தையும் சட்டம் முழுமையாகவே விலக்கி வைத்திருக்கிறது. தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்கும் அது பொருந்தும். அப்படியானால் ஏழைகளுக்கு ஏற்கெனவே வழி இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் அந்த விலக்கு வேலையின் தன்மையைப் பார்க்கிறது, வருமானத்தை அல்ல. ஜவுளிக்கடைக் கணக்கரையும் தனியார் பள்ளி ஆசிரியையையும் தொழிலாளி என்று வாதிட்டு நீதிமன்றத்தை ஏற்கவைப்பது எளிதல்ல. கொத்தனாரைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் இவர்களுக்கு எஞ்சியிருக்கும் தனிக் கவசம் அந்த ஆயிரம் ரூபாய் மட்டுமே.

இதற்கு வலுவான மறுப்பு கடன் கொடுத்தவர் பக்கத்திலிருந்து வரும். அவர் எப்போதும் வங்கியோ கந்துவட்டிக்காரரோ அல்ல. ஓய்வூதியப் பணத்தைப் புரோநோட்டை நம்பிக் கொடுத்தவராகவும் இருப்பார். ஆண்டுக்கணக்கில் வழக்காடி டிகிரி வாங்கியவரிடம் இன்னும் பொறு என்பது நியாயமா? அதோடு, ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதங்கள் சம்பளம் பிடித்தாகிவிட்டால் அந்த டிகிரிக்காக மறுபடி சம்பளத்தைத் தொடக்கூடாது என்ற வரம்பும் அவரைத்தான் கட்டுகிறது. இதைத் தள்ளிவிட முடியாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆயிரத்தைப் பத்தாயிரமாக்கினால் கடன் கொடுத்தவருக்கு மாதம் குறைவது அதிகபட்சம் மூவாயிரம் ரூபாய். லட்சம் ரூபாய்ச் சம்பளக்காரரிடம் முப்பத்து மூவாயிரத்துக்குப் பதில் முப்பதாயிரம் கிடைக்கும். அதில் பெரிய நட்டமில்லை. பதினைந்தாயிரம் வாங்குபவரின் வீட்டிலோ அந்த மூவாயிரம் ஒரு மாத மளிகை. அப்படிப்பட்டவரிடம் வசூல் மெதுவாகும் என்பது உண்மைதான். அதற்கு ஈடாக, சிறு சம்பளக்காரர் விஷயத்தில் 24 மாத வரம்பைச் சற்று நீட்டலாம். டிகிரியை நிறைவேற்றக் கேட்க 12 ஆண்டு அவகாசம் இருக்கிறது. வேறு சொத்து இருந்தால் அதன்மீதும் போகலாம்.

தொகையை உயர்த்தினால் சிறு சம்பளக்காரருக்கு யாரும் கடன் தரமாட்டார்கள் என்றும் சொல்லப்படும். இப்போது கடன் தருபவர்கள் முதலில் நம்பியிருப்பது இ.பி.யை அல்ல, சம்பளம் ஏறிய அன்றே வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் ஒப்புதலையும் ஜாமீன் கையெழுத்தையும்தான். நீதிமன்ற ஜப்தி கடைசி வழி. அந்தக் கடைசி வழியிலாவது ஒரு குடும்பம் பிழைத்திருக்க வேண்டும் என்று சட்டமே நினைத்திருக்கிறது. அதனால்தான் விலக்கை விட்டுக்கொடுப்பதாகக் கடனாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்கிறது.

தொகையை ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்தால் இதே நிலைக்குத்தான் திரும்புவோம். அமெரிக்கா 1968இல் இயற்றிய சட்டத்தில் ரூபாய்க் கணக்கு போல டாலர்க் கணக்கு எழுதாமல், மணிநேரக் குறைந்தபட்சக் கூலியின் முப்பது மடங்கை வாரச் சம்பளத்தில் தொடக்கூடாது என்றது. யோசனை நல்லது. ஆனால் அங்கே கூட்டாட்சி அரசின் குறைந்தபட்சக் கூலியே 2009 முதல் 7.25 டாலரில் நிற்கிறது. அதனால் பாதுகாப்பும் வாரம் 217.50 டாலரில் நிற்கிறது. எதோடு கட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படி, விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. அதே குறியீட்டை 60ஆவது பிரிவிலும் எழுதிவிட்டால், இந்த ஒரு தொகைக்காக இன்னொரு திருத்த மசோதா வரும்வரை கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதில்லை.