சின்ன வண்டியை முன்னால் விடுங்கள்

திருச்சியில் பைக் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்துவிட்டால் எங்கள் கூட்டத்துக்குக் கொல்லிமலை ஞாபகம் வந்துவிடும். மருந்துக்கடைக்காரர், பள்ளி ஆசிரியர், வங்கியில் வேலை பார்க்கும் அக்கா, கல்லூரிப் பையன்கள் எனக் கலவையான கூட்டம். வண்டிகளும் அப்படித்தான். புல்லட் 350 உண்டு, 1996-ல் தயாரிப்பு நின்றுபோன ஆர்எக்ஸ் 100 உண்டு, சாதாரண ஸ்பிளெண்டரும் உண்டு. கடைசி வண்டி என்னுடையது. பையில் கிளட்ச் கேபிள், பிளக், டியூப், பஞ்சர் சாமான்.

விடியும் முன்பே கிளம்பி முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல். காவிரியை ஒட்டிய அந்தச் சாலையில் வாழைத் தோட்டங்கள், அகத்தியைப் பற்றி ஏறிய வெற்றிலைக் கொடிக்கால்கள். தண்ணீர் பாயும் தோட்டத்தைக் கடக்கும்போது முழங்கால்வரை குளிரும். ஊருக்குள் நுழைந்ததும் அடுப்புப் புகையும் வெதுவெதுப்பும். சேந்தமங்கலம் பக்கம் டீக்கடையில் ஒரு பாட்டி கேட்டார்: “இத்தன வண்டியில எங்கீங்க போறீங்க, பொண்ணு பாக்கவா?” வங்கி அக்காதான் பதில் சொன்னார்: “மாப்பிள்ளை பாக்க, பாட்டி.”

காரவள்ளியில் மலை ஆரம்பம். 70 கொண்டை ஊசி வளைவுகள். நிமிர்ந்து பார்த்தால் முன்னோடி வண்டி இரண்டு மூன்று வளைவு மேலே போய்க்கொண்டிருக்கும். இடையில் ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர் சாய்ந்து நிமிர்வார். என் தொழில் புத்தி கண்ணைவிடக் காதை நம்பும். ஆர்எக்ஸ் இரண்டாவது கியரில் வீறிடும், புல்லட் நிதானமாக இடிக்கும், ஸ்பிளெண்டர் மூச்சு வாங்கும். எல்லாச் சத்தமும் பாறையில் பட்டுத் திரும்பி வரும். யார் கியரைத் தாமதமாகக் குறைத்தார் என்று வண்டியைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். தனியாகப் போகிறவனுக்கு இந்தக் கச்சேரி கிடையாது.

அது கிடைப்பது சில கறாரான பழக்கங்களால்தான். கூட்டத்துக்குள் யாரும் யாரையும் முந்தக் கூடாது. நேர்ச்சாலையில் ஒருவர் இடதோரம், அடுத்தவர் வலதோரம் என்று மாறிமாறிப் போக வேண்டும். வளைவில் ஒற்றை வரிசை. சாலை பிரியும் இடத்தில், பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை முன்னால் போனவர் நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவரைப் பார்த்துக்கொண்டால் போதும், செல்போன் சிக்னல் இல்லாவிட்டாலும் கூட்டம் சிதறாது. இறங்கும்போது நியூட்ரலில் விடவே கூடாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று சொல்வேன்: நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை அடியோடு மூடி வைக்காதீர்கள், இடையிடையே கொஞ்சம் திருகுங்கள். ஆயில் பம்ப் அதோடு இணைந்தது. மூடியே கிடந்தால் எஞ்சினுக்குப் போதிய ஆயில் போகாது.

செம்மேட்டில் டீ குடிக்கும்போது, பைக் கூட்டங்களை மலைக்கே விடக் கூடாது என்று உள்ளூர்க்காரர் ஒருவர் கோபமாகச் சொன்னார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சைலன்சரின் உள்தடுப்பைக் கழற்றிவிட்டு, வளைவுக்கு வளைவு ரேஸ் விட்டு, நடுச்சாலையில் நிறுத்திச் செல்பி எடுக்கிற கும்பல்கள் ஏறத்தான் செய்கின்றன. ஊர்க்காரர்கள் சாமையையும் கேழ்வரகையும் காய வைக்கிற சாலை அது. சந்தைக்கு வாழைத்தார் இறங்குகிற சாலை. தடுப்பைக் கழற்றித் தரச் சொல்லி என் பட்டறைக்கும் பையன்கள் வருகிறார்கள். திருப்பி அனுப்பிவிடுவேன், பக்கத்துத் தெருவில் செய்துகொள்கிறார்கள் என்பதும் தெரியும்.

ஆனாலும் தடை போடுவதை நான் ஏற்கமாட்டேன். கட்டுப்பாடாகப் போகிறவனும் சேர்ந்து தண்டிக்கப்படுவான். காரவள்ளி அடிவாரத்திலேயே போலீசார் சத்தத்தைச் சோதித்து, சைலன்சர் மாற்றிய வண்டிகளைத் திருப்பி அனுப்பட்டும். அதற்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதையும் அங்கேயே ஒரு பலகையில் பெரிதாக எழுதி வைக்கட்டும்.

பயணக் குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கூட்டத்தில் இருப்பதிலேயே சின்ன எஞ்சின் எதுவோ, அதை முன்னோடிக்கு அடுத்த இடத்தில் விடுங்கள். மற்றவர்கள் அதன் வேகத்தில் வரட்டும். பெரிய எஞ்சின் மெதுவாகப் போனால் கெட்டுப்போகாது, மெக்கானிக் சொல்கிறேன்.