முனைவர் பட்டம் மட்டும் போதுமா? புதிய விரிவுரையாளர் பயிற்சியும் மலைத்தோட்டப் பிள்ளைகளும்

கோலா தெர்லா: கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில் இருக்கிறது கோலா தெர்லா. காய்கறித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்த வட்டாரம். இங்குள்ள ஒரு பிள்ளை தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆசிரியராக வருபவர் பெரும்பாலும் ஆசிரியர் கல்விக் கழகத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்தவராக இருப்பார். குழந்தை உளவியல், கற்பித்தல் முறை, மதிப்பீடு ஆகியவற்றைப் படித்து, பயிற்றுப்பணியில் பிறர் பார்வையில் பாடம் நடத்தித் தேறிய பிறகே வகுப்பு அவர் கைக்கு வருகிறது.

அதே பிள்ளை 20 வயதில் சிம்பாங் பூலாய் வழியாகவோ தாப்பா வழியாகவோ மலையிறங்கி ஒரு பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் அமர்கிறது. எதிரே நிற்பவரிடம் முனைவர் பட்டம் இருக்கிறது. ஆனால், கற்பிக்கக் கற்றுக்கொண்டாரா என்று வேலைக்கு எடுக்கும்போது யாரும் அழுத்திக் கேட்பதில்லை.

பல்கலைக்கழகங்கள் இதைக் கவனிக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்றவை விரிவுரையாளர் மேம்பாட்டுக்கெனத் தனி மையங்கள் வைத்துள்ளன. உயர்கல்வி அமைச்சின் கீழ் அக்கெப்ட் எனும் உயர்கல்வித் தலைமைத்துவப் பயிற்சிக்கழகம் 2008 முதல் இயங்குகிறது. இருந்தும், பயிற்சியின் அளவும் ஆழமும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுகின்றன.

பாதிப்பு யாருக்கு?

கற்பித்தல் சரியில்லை என்றால் எல்லா மாணவருக்கும் நட்டம்தான். ஆனால், பட்டதாரிப் பெற்றோரும் வசதியும் உள்ள மாணவர் வேறு வழியில் அதை ஈடுகட்டிவிடுவார். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் தோட்டப்புற மாணவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. அவர் ஆறாண்டு தமிழிலும் அடுத்து மலாயிலும் படித்துவிட்டு, திடீரென ஆங்கிலப் பாடநூலைக் கையில் எடுக்கிறார். புரியாததை விரிவுரையாளர் அறைக்கே போய்க் கேட்கலாம் என்பதும் அவருக்கு யாரும் சொல்லித் தராத ஒன்று. அவர் வாய் திறக்காமல் இருப்பதைப் 'புரிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்பவர் பயிற்சி இல்லாத விரிவுரையாளர். பயிற்சி பெற்றவர் அதை ஒரு கேள்வியாகப் பார்ப்பார்.

நல்ல பயிற்சி என்பது ஸ்லைடு தயாரிக்கக் கற்றுக்கொடுப்பதல்ல. புதியவர் சக விரிவுரையாளர்கள் முன் பத்து நிமிடப் பாடம் நடத்துகிறார். அவர்கள் குறை நிறைகளைச் சொல்கிறார்கள். பாட முடிவில் மாணவர் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் எழுதுகிறார். பிறகே பாடத்தையும் தேர்வையும் அதற்கேற்ப அமைக்கிறார். அனுபவமுள்ள ஒருவர் அவருடைய உண்மையான வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கிறார். விரிவுரை முடிவில், 'இன்று எது புரியவில்லை?' என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்வதும் இங்கே கற்கும் உத்திதான். கூச்சமுள்ள மாணவருக்குப் பேர் சொல்லாமல் கேட்க அது ஒரு வழி.

பலன் உண்டா?

உண்டு. கிரஹாம் கிப்ஸ், மார்ட்டின் காஃபி இருவரும் 8 நாடுகளின் 22 பல்கலைக்கழகங்களில் நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. பயிற்சி பெற்ற விரிவுரையாளர்களைப் பற்றிய மாணவர் மதிப்பீடு உயர்ந்தது. மாணவர்கள் மேலோட்டமாகப் படிக்கும் போக்கும் குறைந்தது. பயிற்சி பெறாத குழுவில் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை.

நல்ல ஆய்வாளர் தானாகவே நல்ல ஆசிரியராகிவிடுவார் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. ஜான் ஹாட்டி, ஹெர்பர்ட் மார்ஷ் இருவரும் 58 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட முடிவு, இரண்டுக்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லை என்பதே.

இலங்கை இதில் முந்திக்கொண்டது. கொழும்புப் பல்கலைக்கழகம் 1990களிலேயே விரிவுரையாளர்களுக்கான கற்பித்தல் சான்றிதழ் பயிற்சியைத் தொடங்கியது. அங்கே தகுதிகாண் விரிவுரையாளர் பணியில் உறுதிபெற இத்தகைய பயிற்சியை முடித்தாக வேண்டும்.

தடை எங்கே?

தடை பதவி உயர்வில் இருக்கிறது. 2006இல் நான்கு பல்கலைக்கழகங்களும் 2010இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றன. ஆய்வுக் கட்டுரையும் ஆய்வு நிதியும் எண்ணிக் காட்டக்கூடியவை. ஒரு மாணவர் மனம் தளராமல் படிப்பைத் தொடர்ந்ததை எப்படி எண்ணிக் காட்டுவது? 2015இல் வெளியான உயர்கல்விப் பெருந்திட்டம், சிறந்த கற்பித்தலுக்கும் தனிப் பதவி உயர்வுப் பாதை வேண்டும் என்றது. புதிய விரிவுரையாளர் அதை நம்பிப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்க வேண்டுமானால், அந்தப் பாதையில் உயர்ந்தவர்களை அவர் தம் துறையிலேயே பார்க்க வேண்டும்.

செய்யக்கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. முதல் ஆண்டில் புதியவரின் பாட நேரத்தைக் குறைத்து, அந்த நேரத்தில் பயிற்சியைக் கட்டாயமாக்கலாம். பருவ இறுதியில் கேட்கும் மாணவர் கருத்தைப் பருவத்தின் நடுவிலேயே கேட்டால், அந்த மாணவருக்கே பலன் கிடைக்கும். மொழி மாறிப் படிக்க வரும் மாணவரைப் பற்றிய ஒரு பகுதியையும் பயிற்சியில் சேர்க்கலாம்.

பிள்ளைக்கு இடம் கிடைத்ததா என்பதோடு இந்தியச் சமுதாயத்தின் அக்கறை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. உள்ளே போனபின் யார், எப்படிக் கற்பிக்கிறார் என்பதையும் பொது இயக்கங்களும் பல்கலைக்கழக இந்திய மாணவர் அமைப்புகளும் கேட்க வேண்டும். மாணவர்களும் பருவ இறுதி மதிப்பீட்டுப் படிவத்தைக் கடமைக்கு நிரப்பாமல் மனம்விட்டு எழுத வேண்டும். கொழுந்து பறித்த கூலியில் ஒரு குடும்பம் பிள்ளையை மலையிலிருந்து அனுப்பி வைக்கிறது. கற்பிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே காத்திருக்க வேண்டும் என்று கேட்க அந்தக் குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு.