என்ன ரேட்டு?

எங்கள் சாமல்பட்டியில் எந்த விஞ்ஞானச் செய்தி வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ‘‘என்ன ரேட்டு?’’

நிலாவில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். ‘‘கேன் என்ன ரேட்டு?’’ என்பார்கள்.

2022 மே 9-ம் தேதி சட்டசபையில் முதல்வர் ஸ்டாலின் ஒரு செய்தி சொன்னார். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் 4,200 வருஷத்துக்கு முன்பே இரும்பு புழங்கியிருக்கிறது. அங்கே தோண்டி எடுத்ததை அமெரிக்காவில் ஒரு லேபுக்கு அனுப்பி, கார்பன் கணக்குப் போட்டுப் பார்த்ததில் கி.மு. 2172 என்று வந்திருக்கிறது. ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, ஏதோ நானே உலை ஊதி உருக்கிய மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்துக் காட்டினேன்.

பக்கத்தில் பழைய இரும்பு வியாபாரி. ‘‘அவ்ளோ பழசா? கிலோ என்ன ரேட்டுப்பா எடுப்பாங்க?’’

சரியாக மூன்று வருஷம்கூட ஆகவில்லை. 2025 ஜனவரி 23. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கி.மு. 3345 என்று அடுத்த அறிவிப்பு. எங்களைவிட ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் சீனியர்!

‘‘நம்ம ரெக்கார்டை ஒடைச்சுட்டானுங்களே’’ என்றார் டீ மாஸ்டர், இந்தியா ஃபைனலில் தோற்ற முகத்தோடு. அன்றைக்கு டீயில் சர்க்கரைகூடக் கம்மி.

இதெல்லாம் செலவில்லாத ஆச்சரியங்கள் சார். அடுத்து வந்தது அப்படியில்லை. அடியேனின் வாயால் ஒரு குடும்பத்துக்கு இருபதாயிரம் ரூபாய் நஷ்டம்.

விஷயம் காந்தம். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் உலோகங்களுக்கும், அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. அருமண் என்றால் ரொம்ப அபூர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் ஒன்றான சீரியம், பூமியில் கிட்டத்தட்டச் செம்பு அளவுக்கு இருக்கிறது. ஒரே இடத்தில் குவியலாகக் கிடைக்காது, பிரித்தெடுப்பது பெரும்பாடு, அவ்வளவுதான். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டாரில் இருக்கும் சின்னக் காந்தம் நியோடிமியம் கலந்தது. மோட்டார் சூடானாலும் அதன் சக்தி போகாமலிருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்று கொஞ்சம் சேர்ப்பார்கள். சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. அளவு துளி, இல்லாவிட்டால் கதை கந்தல். சீனா கை வைத்தது அந்தப் பெருங்காய டப்பாவில்!

ஓசூர் பக்கம் செல்போன், போச்சம்பள்ளிப் பக்கம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்று வீட்டுக்கு ஒருத்தர் வேலைக்குப் போகிற ஜில்லா இது. இந்தச் செய்தி எங்களுக்கு உலகச் செய்தியில்லை, உள்ளூர்ச் செய்தி. நவம்பர் கடைசியில், காந்தத்தை இங்கேயே தயாரிக்க மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்தக் கோடியைக் கேட்டதும் டீக்கடையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

‘‘உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? உலகத்துலயே பெரிய அருமண் சுரங்கம் சீனாவுல பயான் ஓபோ. அமெரிக்காவுல மவுன்டன் பாஸ். ரெண்டு இடத்துப் பேச்சை எடுத்தாலும் கார்பனடைட்னு ஒரு பாறை பேர் வரும். அந்தப் பாறை நம்ம சாமல்பட்டியிலயும் இருக்கு. 2017-ல வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகையில, திருப்பத்தூர் பக்கத்து சேவாத்தூரையும் நம்ம ஊரையும் தலைப்புலயே போட்டு எழுதியிருக்காங்க!’’

சொன்னதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

கடைசி பெஞ்சில் என் மாமா இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவருக்கு ஒண்ணரை ஏக்கர் கரடு. கம்பு போட்டால் கல் முளைக்கிற பூமி. கோழிப்பண்ணை வைக்க ஒருத்தர் அதை விலை பேசி, ஐம்பதாயிரம் அட்வான்ஸும் கொடுத்திருந்தார். மாமா மகள் நர்சிங் படிக்கிறாள். ஃபீஸ் டிசம்பர் 31-க்குள் கட்டியாக வேண்டும்.

மறுநாள் காலையில் மாமா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்!

அத்தை போன் செய்தாள். ‘‘ஏம்ப்பா, நீ எழுதறது எல்லாம் புக்குலயே எழுதிக்கக் கூடாதா? இவரு கல்லுக்கு நடுவுல கட்டில் போட்டுப் படுத்துனு இருக்காரு, காவலுக்கு!’’

ஓடினேன். மாமா நிஜமாகவே கட்டிலில் இருந்தார். பக்கத்தில் டார்ச் லைட்டு, தடி.

‘‘வாடா மாப்ள. டன் என்ன ரேட்டு போவும்?’’

பி.காம். படித்தவனுக்கு வரவு செலவு தெரியும், பாறை தெரியாது. தெரிந்த மட்டும் சொன்னேன். கார்பனடைட் இருக்கிற இடமெல்லாம் சுரங்கம் ஆகிவிடாது. உலகத்தில் சில நூறு இடங்களில் இந்தப் பாறை உண்டு. அருமண் எடுக்கிற அளவுக்குத் தேறியது கொஞ்சம்தான். ஊர்ப் பேர் பேப்பரில் வந்தால் ஊரில் ஒவ்வொரு கல்லும் அதுதான் என்று அர்த்தமில்லை. அப்படியே இருந்தாலும் வெட்டுவதற்கு லைசென்ஸ் அரசாங்கம் தரவேண்டும். கட்டில் போட்டு வெட்ட முடியாது.

மாமா நம்பவில்லை. ‘‘டெஸ்ட் பண்ணிப் பாரு’’ என்றார்.

ஒரு டெஸ்ட் உண்டு. பெரும்பாலான எரிமலைக் குழம்பு மணலின் உறவு. கார்பனடைட் மட்டும் சுண்ணாம்பின் உறவு, அதுவும் நெருப்பில் பிறந்த உறவு. அதனால் ஆசிட் பட்டால் பொங்கலாம். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை எடுத்துவந்து, தள்ளி நின்று, கரட்டிலிருந்து பொறுக்கிய ஏழு கல்லில் சொட்டு சொட்டாக விட்டேன். ஏழும் கல் மாதிரியே இருந்தன. அசையவில்லை.

மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லை. மீதி ஆசிட்டோடு வீட்டுக்கு வந்தோம். அத்தை கோழிக் கூண்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த வெளுப்புக் கல்லில், சும்மா, கைப்பழக்கத்தில் ஒரு சொட்டு விட்டேன்.

புஸ்ஸென்று நுரைத்தது!

‘‘மாப்ள!’’

‘‘மாமா, அவசரப்படாதீங்க. ஓடையில கெடக்கிற சுக்கான்கல்லும் இப்படித்தான் பொங்கும். இது அதுவா, இல்லே அந்தப் பெரிய ஆளான்னு லேப்லதான் சொல்லணும்.’’

மாமா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கோழிப்பண்ணைக்காரர் விவரமானவர். ‘‘இப்ப கை மாறிடுச்சே’’ என்று இழுத்து, பேசிய விலையில் இருபதாயிரத்தைக் குறைத்தே முடித்தார். ஃபீஸ் கட்டியாகிவிட்டது. அந்த இருபதாயிரத்தை மாதம் இரண்டாயிரமாக நான் அத்தையிடம் கொடுத்து வருகிறேன். எந்தத் தலைப்பில் கணக்கெழுதுவது என்றுதான் தெரியவில்லை. ‘வாய்ச் செலவு’ என்று ஒரு கணக்கு காலேஜில் சொல்லித்தரவில்லை.

நான் வருந்துவது பணத்துக்காக இல்லை. அன்றைக்கு டீக்கடையில் நான் சொல்லியிருக்க வேண்டிய ஆச்சரியத்தை விட்டுவிட்டு, சுரங்கம், சீனா, அமெரிக்கா என்று நானும் ரேட்டைத்தான் பேசியிருக்கிறேன். கேள்வி அவர்களுடையது, பதில் என்னுடையது.

விட்டுப்போனதை இப்போது சொல்கிறேன். இந்த வகைக் குழம்பை இன்றைக்கும் கக்குகிற எரிமலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். தான்சானியாவில் ஓல்டோயின்யோ லெங்காய். மாசாய் மக்களின் பாஷையில் கடவுளின் மலை. மற்ற எரிமலைக் குழம்பு பெரும்பாலும் ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும். இது ஐந்நூறு, அறுநூறுதான். கறுப்பாக, இன்ஜின் ஆயில் மாதிரி ஓடும். காற்றின் ஈரம் பட்டதும் வெளுத்துப் போகும். முக்கியச் சரக்கு சோடியம் கார்பனேட், அதாவது நம் சலவை சோடா குடும்பம்! எங்கள் ஊர்ப் பக்கத்து நெருப்பு அணைந்து எழுபது, எண்பது கோடி வருஷம் இருக்கும். மயிலாடும்பாறையும் சிவகளையும் அதற்கு முன்னால் நேற்றுக் காலை.

போன வாரம் அத்தையிடம் தவணை கொடுக்கப் போனேன். அந்தக் கல் டி.வி. மேல் ஸ்டாண்டில் ஏறியிருந்தது. கோழிக் கூண்டுக்கு வேறு கல்.

மாமா அதைத் தட்டிக்கொண்டே கேட்டார். ‘‘நீ சொன்ன ஜாதியா இருந்தா, எவ்ளோ ஆழத்துல இருந்து வந்திருக்கும்டா?’’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமல்பட்டியில் ரேட் கேட்காத முதல் கேள்வி!

‘‘பூமியோட தோலுக்கும் கீழே இருந்து மாமா. குறைஞ்சது நாப்பது கிலோமீட்டர். இங்கிருந்து கிருஷ்ணகிரி போற தூரத்தை நேரா கீழே இறங்கணும்.’’

மாமா ரொம்ப நேரம் யோசித்தார்.

‘‘அவ்ளோ தூரத்துல இருந்து வந்தவனையா உங்க அத்தை கோழிக்கு முட்டுக் குடுத்தா!’’