மாத்திரையைக் குறைக்கும் முன்

“மாத்திரை போட்டால் உடம்பு சோர்ந்துவிடுகிறது, டாக்டர். அதனால் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறேன்.” இதய நோய்ப் பிரிவுக்கு வருவோர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்ற அச்சம். அந்த அச்சத்தால் சொல்லாமலே இருந்துவிடுவோரும் உண்டு. இத்தகையோரைக் காணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர், ஹேங்க் கேதர்ஸ் என்ற அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்.

1967ஆம் ஆண்டு பிறந்த கேதர்ஸ், பிலடெல்பியா நகரின் வறுமை மிகுந்த வடபகுதியில் வளர்ந்தவர். பள்ளித் தோழரான போ கிம்பிளுடன் கலிபோர்னியாவுக்குச் சென்றார். முதலில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் லொயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழகத்திலும் இருவரும் சேர்ந்து ஆடினர். 1988–89 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 32.7 புள்ளிகளும் 13.7 ரீபவுண்டுகளும் எடுத்து, இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம் பெற்றார் கேதர்ஸ். கல்லூரிக் கூடைப்பந்தின் முதல்நிலைப் பிரிவில் ஒரே பருவத்தில் இவ்விரண்டையும் சாதித்த இரண்டாவது வீரர் அவர். தொழில்முறை ஆட்டத்தின் வாசல் அவருக்காகத் திறந்திருந்தது.

1989 டிசம்பர் 9 அன்று, ஆட்டத்தின் நடுவே, தண்டப் பந்து எறிய நின்ற இடத்திலேயே அவர் மயங்கி விழுந்தார். பரிசோதனையில் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுவது தெரியவந்தது. துடிப்பைக் கட்டுக்குள் வைக்கும் புரோப்ரனலால் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் அவர் மீண்டும் ஆடத் தொடங்கினார்.

சிக்கல் இங்கேதான் எழுந்தது. இவ்வகை மருந்து இதயத்தின் வேகத்தைக் குறைக்கும், சோர்வையும் தரக்கூடும். அவருடைய அணியோ, பந்து கைக்கு வந்த சில நொடிகளிலேயே கூடையை நோக்கி எறியவேண்டும் என்று ஓயாது ஓடும் அணி. மருந்து தம் ஆட்டத்தை மந்தமாக்குவதாக அவர் உணர்ந்தார். மருந்தின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1990 மார்ச் 4 அன்று, போர்ட்லாந்து அணியுடனான ஆட்டத்தில், உயரப் பாய்ந்து பந்தைக் கூடைக்குள் திணித்த சில நொடிகளில் மீண்டும் சரிந்து விழுந்தார். எழ முயன்றார், முடியவில்லை. அன்றே உயிர் பிரிந்தது. வயது 23. பிரேதப் பரிசோதனை அவரது இதயத் தசையில் நோய் இருந்ததைக் காட்டியது.

இதைக் கேட்போர், “மருந்தை ஒழுங்காக எடுத்திருக்கலாமே” என்று எளிதில் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. நோயாளிக்கு மாத்திரை என்பது உயிர்க்காப்பு மட்டுமன்று. சில வேளை அது அவரது பிழைப்பின்மேல் விழும் சுமையும்கூட. சுமை தூக்குபவருக்கும் தறியில் நிற்பவருக்கும் சோர்வு என்பது கூலியிழப்பு. அந்த இழப்பைக் காது கொடுத்துக் கேட்காமல், “தவறாமல் சாப்பிடுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பும் மருத்துவர் தம் கடமையில் பாதியைத்தான் செய்தவர். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் மறுபாதி உங்களுடையது. இதயத் துடிப்புக்கான மருந்தைத் தாமாகக் குறைப்பதும் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானவை. சோர்வு, தலைசுற்றல், உறக்கக் கேடு, தாம்பத்தியத்தில் தளர்ச்சி, எதுவாயினும் மறைக்காமல் சொல்லுங்கள். வேறு மருந்துக்கு மாறலாம், வேளையை மாற்றலாம். ஆபத்து மிகுந்தோருக்கு, துடிப்பு தடம் புரண்டால் தானே அதிர்வு கொடுத்துச் சீராக்கும் சிறு கருவியைப் பொருத்தலாம். எதுவுமே பொருந்தாதபோது, செய்யும் வேலையை மாற்றிக்கொள்வதைப் பற்றிக் குடும்பத்தோடு அமர்ந்து பேசலாம். அந்தப் பேச்சு கசப்பானது. ஆயினும் பேசியாக வேண்டியது.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஓடும்போதோ விளையாடும்போதோ கடும் வேலையின்போதோ மயங்கி விழுந்த பிள்ளையை, “வெயில்தான், சாப்பிடாததுதான்” என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். ஈசிஜி, எக்கோ பரிசோதனைகள் செய்யும்வரை விளையாட்டு வேண்டாம். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இதயத் தசை நோய்களில் சில பரம்பரையாக வருபவை. கண்ணெதிரே ஒருவர் விழுந்து, பேச்சுமூச்சற்றுக் கிடந்தால், 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

கேதர்ஸ் மறைந்தபின் அவரது அணி தேசியப் போட்டியில் ஆடியது. நடப்புச் சாம்பியனான மிச்சிகனை 149–115 என்று வென்று, கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாயிற்று. தண்டப் பந்து எறிவதில் தடுமாறிய கேதர்ஸ் இடக்கைக்கு மாறியிருந்தவர். அத்தோழரின் நினைவாக, வலக்கை ஆட்டக்காரரான கிம்பிள் ஒவ்வோர் ஆட்டத்திலும் தமது முதல் தண்டப் பந்தை இடக்கையால் எறிந்தார். நான்கும் கூடையில் விழுந்தன. அரங்கமே எழுந்து நின்று போற்றிய அஞ்சலி அது.

அஞ்சலிகள் அழகானவை. எனினும், அடுத்த முறை என் எதிரே அமரும்போது, உடைத்த அந்தப் பாதி மாத்திரையைப் பற்றி நீங்கள் குரலைத் தாழ்த்தாமல் சொன்னால் போதும். நான் கடிந்துகொள்ள மாட்டேன்.