மனைவி மீது ‘கொடுமை’ நிரூபணமானால் ஜீவனாம்சம் கிடையாதா?

“கொடுமைன்னு கோர்ட் சொல்லிட்டா ஒரு பைசா கூடத் தர வேண்டாம்!” - ரீல்ஸ்களில் அடிக்கடி வரும் ‘சட்ட ஆலோசனை’ இது. நம்பி ஏமாறாதீங்க.

1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். விவாகரத்துக்கான காரணங்களைச் சொல்வது 13-வது பிரிவு. அதில் ‘கொடுமை’ 1976 திருத்தத்தில்தான் சேர்ந்தது. மனரீதியான கொடுமையும் இதில் அடக்கம். ஆனால், வீட்டுக்கு வீடு நடக்கும் சின்னச் சின்ன சண்டைகள் போதாது என்கிறது 2007-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

நிரந்தர ஜீவனாம்சம் 25-வது பிரிவு. மனைவி மட்டுமல்ல, கணவரும் கேட்கலாம். இருவரின் வருமானம், சொத்து, நடத்தை எல்லாவற்றையும் நீதிபதி பார்ப்பார். அதாவது, நடத்தையும் ஒரு காரணி. அதனால் தொகை குறையலாம், மறுக்கவும்படலாம். ஆனால் தானாக ரத்தாகாது.

அப்போ எவ்வளவு? ‘சம்பளத்தில் 25 சதவீதம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கு, 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நியாயம் எனக் கருதிய அளவு. சட்டத்தில் அப்படி எந்த சதவீதமும் இல்லை. நிலையான ஃபார்முலா கிடையாது என்று 2020 நவம்பர் 4-ம் தேதி தீர்ப்பிலும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்புதான் ரொம்ப முக்கியம். இருதரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். ஐ.டி. ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட் உட்பட! சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவது இனி அவ்வளவு ஈஸி இல்லை. வழக்கை இழுத்தடித்தும் பயனில்லை. மனு போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும்.

மாதாமாதம் தரும் தொகை என்றால், வேலை போனாலோ, சம்பளம் கூடினாலோ மாற்றக் கேட்கலாம். வாங்குபவர் மறுமணம் செய்தால் ரத்து செய்யவும் மனு போடலாம்.