மாத்திரையை நிறுத்தலாமா?

நமது ஜனங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்து வருகின்றது. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி, கால் ஒடிந்தால் ஆஸ்பத்திரி, கண்ணில் புரை விழுந்தால் ஆஸ்பத்திரி. ஆனால் மூளைக்கு ஒரு கேடு வந்தால் மாத்திரம் கோடாங்கி, மந்திரவாதி, ஜோசியர், கோயில், தர்கா, ஜெபக்கூட்டம் என்று ஓடுகின்றார்கள். மற்ற எல்லா உறுப்புகளுக்கும் நோய் வரலாமாம். மூளைக்கு மாத்திரம் நோய் வராதாம், பேய்தான் வருமாம்! இந்த அக்கிரமத்தைப் பற்றி நாம் பல தடவை பேசியும் எழுதியும் வந்திருக்கின்றோம். ஆனால் இன்று எழுத எடுத்துக்கொண்டது கோடாங்கியின் புரட்டை மாத்திரமல்ல. பகுத்தறிவுக்காரர் என்று மார்தட்டிக் கொள்ளும் நம்முடைய அறியாமையையும் பற்றியதாகும்.

இருமுனைக் கோளாறு என்று டாக்டர்கள் சொல்லும் ஒரு மனநோய் உண்டு. இதற்கு இரண்டு முனைகள். ஒரு முனையில் மனிதன் எழும்பி விடுகின்றான். இரவில் இரண்டு மணி நேரம் தூங்கினாலும் களைப்பே இல்லை, ஓயாத பேச்சு, கடன் வாங்கிச் செலவு, தன்னால் ஆகாத காரியம் உலகத்தில் ஒன்றுமில்லை என்கின்ற எண்ணம். தடுத்தால் கோபம். மற்றொரு முனையில் அதே மனிதன் விழுந்து விடுகின்றான். படுத்த பாயை விட்டு எழ மனமில்லை, சோறு இறங்குவதில்லை, செய்யாத குற்றத்துக்கெல்லாம் தன்னையே நொந்து கொள்ளுகின்றான், சாவைப் பற்றி நினைக்கின்றான். இடைக்காலத்திலோ எல்லோரையும் போல் வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகின்றான். எழும்பிய காலத்தில் "நானே அம்மன்" என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் விழுந்து கும்பிடுகின்றார்கள். அவளே சோர்ந்து படுத்துவிட்டால் வேப்பிலையால் அடிக்கின்றார்கள். எழுந்தால் சாமி, விழுந்தால் பேய்! இரண்டும் ஒரே நோய் என்பதைச் சொல்லுவாரில்லை.

இந்த நோய் யாருடைய பாவத்தாலும் வருவதல்ல. ஏழரைச் சனியாலும் வருவதல்ல. சந்திரன் மனத்துக்கு அதிபதி என்று ஜோசியர் சொல்லுவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குடும்ப வழியில் ஓரளவு வருகின்றது. தூக்கக் கேடும், பெருந்துன்பமும், பிரசவமும், போதையும் அதைக் கிளப்பிவிடுகின்றன. உலகத்தில் 2019இல் ஏறக்குறைய 4 கோடிப் பேருக்கு இது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கின்றது. 2015-16இல் நமது நாட்டில் எடுத்த தேசிய மனநலக் கணக்கில், இந்நோயுள்ள 10 பேரில் சுமார் 7 பேர் தக்க வைத்தியம் இல்லாமலே இருந்ததாகத் தெரிய வந்தது. அந்த 7 பேரும் எங்கே போயிருப்பார்கள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ந் தேதி ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓடவும் முடியாமல் வெந்து மாண்டார்களே, அதை மறந்துவிட்டோமா?

நிற்க, கோடாங்கிக்கும் மந்திரவாதிக்கும் இவ்வளவு பெயர் எப்படி வந்தது? இதைச் சற்று யோசிக்க வேண்டும். இந்த நோய் வைத்தியமே செய்யாவிட்டாலும் சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே வடியும். பிறகு மறுபடியும் வரும். அதுவே இதன் சுபாவம். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் வீட்டார் கோடாங்கியிடம் ஓடுகின்றார்கள். உச்சத்திற்குப் பின் வடிவதைத் தவிர அதற்கு வேறு வழி ஏது? வடிந்ததும் பெருமை உடுக்கைக்குப் போய்ச் சேருகின்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மறுபடியும் நோய் வந்தால், "பரிகாரத்தில் குறை வைத்துவிட்டீர்கள்" என்று இன்னொரு ஆட்டுக் கிடாய்க்கு வழி செய்துகொள்ளுகின்றான்.

இது ஒருபுறமிருக்க, இனி நம்முடைய சங்கதிக்கு வருவோம். பக்கத்து ஊரில் நமது தோழர் ஒருவர் தையற்கடை வைத்திருக்கின்றார். அவருடைய சம்மதத்தின் பேரிலேயே இதை எழுதுகின்றோம். அவருக்கு இந்த நோய் கண்டு, அரசாங்க ஆஸ்பத்திரியில் லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வருஷம் யாதொரு தொந்தரவும் இல்லை. அப்போது நாம் அவரிடம், "நன்றாகத்தானே இருக்கின்றீர், இன்னும் மாத்திரை எதற்கு? மனத்திடம் இருந்தால் போதாதா? தாயத்துக்கு அடிமையாவதற்கும் மாத்திரைக்கு அடிமையாவதற்கும் என்ன வித்தியாசம்?" என்று பெரிய அறிவாளியைப் போல் கேட்டோம். அவரும் நிறுத்திவிட்டார். முதல் மாதம் ஒன்றுமில்லை. நாமும் பெருமைப்பட்டுக் கொண்டோம். மூன்றாம் மாதத்தில் அவர் ஒரே நாளில் நாலு ஊர் போய்ப் பேசினார். இரவெல்லாம் விழித்துத் துண்டுப் பிரசுரம் எழுதினார். நாம் அதைத் தொண்டு என்று மேடையில் புகழ்ந்தோம்! இரண்டு தையல் மிஷின்களையும் அடகு வைத்து 10,000 நோட்டீஸ் அடித்தார் என்று தெரிந்த பிறகும் நமக்குப் புத்தி வரவில்லை. அதன் பின் அவர் விழுந்தார். நாலு மாதம் கடை திறக்கவில்லை. ஒருநாள் நடுநிசியில் கிணற்றடியில் நின்றவரை மனைவியார் கண்டு கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

மறுநாள் நாம் போயிருந்தபோது அந்த அம்மையார் கேட்டது இவ்வளவுதான்: "ஐயா, தாயத்தைக் கழற்றச் சொன்னீர்கள், கழற்றினோம். மாத்திரையையும் ஏன் கழற்றச் சொன்னீர்கள்?" நாம் பதில் சொல்ல வகையில்லாமல் தலை குனிந்து நின்றோம்.

கோடாங்கி செய்த தப்புக்கும் நாம் செய்த தப்புக்கும் என்ன வித்தியாசம்? நோய் வடிந்ததைக் கண்டு, "உடுக்கை அடித்தேன், தீர்ந்தது" என்கின்றான் அவன். நோய் அடங்கி இருப்பதைக் கண்டு, "நோயே இல்லை, மாத்திரை வேண்டாம்" என்றோம் நாம். இரண்டும் காரணத்தை ஆராயாத பேச்சேயாகும். குடை பிடித்து நடக்கின்றவன், "நான்தான் நனையவில்லையே, குடை எதற்கு?" என்று மழையில் அதை வீசி எறிவது போன்றதுதான் நமது யோசனை.

தாயத்துக்கும் மாத்திரைக்கும் உள்ள வித்தியாசத்தை அதன் பிறகுதான் தேடிப் படித்தோம். லித்தியம் என்பது கல்லிலிருந்தும் உப்பு நீரிலிருந்தும் எடுக்கும் ஒரு உலோகம். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்னும் டாக்டர் அதன் உப்பை முதலில் தாமே உண்டு பார்த்துவிட்டுப் பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்து, 10 பேர் குணமடைந்த விவரத்தை 1949இல் வெளியிட்டார். அவர்களில் முதலாமவர் பல வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். 1948இல் மருந்து தொடங்கிய சில மாதங்களில் வீட்டுக்குப் போய்ப் பழைய வேலையிலும் சேர்ந்தார். ஆனால் அவரும் நம் தோழரைப் போலவே நன்றாக இருக்கின்றோமென்று மருந்தை விட்டார், நோய் திரும்பிற்று. பிறகு 1950இல் அதே மருந்து உடம்பில் மிஞ்சி இறந்தும் போனார். ஏனெனில் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக் கொடுக்கும் முறை அப்போது வழக்கத்தில் இல்லை. குறைந்தால் நோய், மிஞ்சினால் விஷம் என்னும் இரண்டு பாடங்களும் அந்த ஒரு மனிதரிடமே உலகத்துக்குக் கிடைத்தன.

நிறுத்தலாமா என்பதையும் சோதித்தே பார்த்திருக்கின்றார்கள். டென்மார்க்கில் லித்தியம் சாப்பிட்டு நன்றாக இருந்த 84 பெண்களில் 45 பேருக்கு அதையே தொடர்ந்து கொடுத்து, 39 பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. 5 மாதத்துக்குள் வெறும் மாத்திரைக்காரர்களில் 21 பேருக்கு நோய் திரும்பிற்று. லித்தியக்காரர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. இது 1970இல் வெளிவந்தது. எந்த மந்திரவாதியாவது தன் தாயத்தை இப்படிச் சோதனைக்கு விடுவானா? மருந்து தன் கெடுதலையும் தானே ஒப்புக்கொள்ளுகின்றது, தாயத்து ஒப்புக்கொள்ளுமா? லித்தியம் எல்லோருக்கும் ஒத்துவரும் என்றும் நாம் சொல்லவில்லை. ஒத்துவராதவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. எது என்பது டாக்டர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய காரியம்.

ஆனால் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்ளுவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. தோழரும் அவர் மனைவியாரும் இப்போது நடந்துகொள்ளும் முறையைச் சொல்லுகின்றோம்.

தூக்கமே முதல் காரியம். தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுகின்றார். இரவுக் கூட்டத்துக்கு அவரை நாம் அழைப்பதில்லை. இரண்டு இரவு தூக்கம் குறைந்தும் களைப்பில்லை என்றால், அதை உற்சாகமென்று எண்ணாமல் ஆஸ்பத்திரிக்குப் போகின்றார். தூக்கம், மனநிலை, மாத்திரை, செலவு நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கின்றார். டாக்டர் சொன்ன தவணைப்படி, கடைசி மாத்திரை சாப்பிட்ட 12 மணி நேரம் கழித்து, இரத்தம் கொடுத்து மருந்தளவைப் பார்க்கின்றார். சிறுநீரகத்தையும் தைராய்டையும் சோதித்துக் கொள்ளுகின்றார்.

லித்தியம் சாப்பிடுகின்றவர்கள் உப்பைத் திடீரென்று குறைக்கவோ, பட்டினி விரதம் இருக்கவோ கூடாது. கோடையில் வேர்த்துக் கொட்டும்போது தண்ணீரைக் குறைக்கக் கூடாது. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் மருந்து இரத்தத்தில் மிஞ்சும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பலவும் அப்படியே மிஞ்சச் செய்யும். கை வெகுவாக நடுங்கி, நடை தள்ளாடி, நாக்குக் குழறி, வாந்தியும் பேதியும் கண்டால், அடுத்த வேளை மாத்திரையைச் சாப்பிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி உடம்பு பருக்கின்றது, தாகம் எடுக்கின்றது என்றால் அதை டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டுமேயல்லாது, நம்மைப் போன்ற மேடைப் பேச்சாளனிடம் கேட்டு நிறுத்தக் கூடாது. சாராயம் கூடவே கூடாது. பெண்களோ, பிள்ளைப்பேறு வேண்டுமென்று நினைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வால்புரோயேட் என்னும் மருந்து கருவிலுள்ள பிள்ளைக்குப் பெருங்கேடு செய்யும். பிரசவத்துக்குப் பின் நோய் திரும்பும் அபாயமும் அதிகம்.

"கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்பது மற்றொரு பெரிய புரட்டு. நோயை மறைத்து ஒரு பெண்ணின் தலையில் கட்டுவதும், நோயுள்ள பெண்ணை மறைத்துத் தள்ளிவிடுவதும் இருவரையும் ஏமாற்றும் காரியமேயாகும். சொல்லிச் செய்யுங்கள், தெரிந்து சம்மதித்தவர்களால் அந்த வாழ்வை நடத்த முடியும் என்பதற்கு நமது தோழரின் மனைவியாரே சாட்சி.

நோயாளிக்குச் சுயமரியாதை இல்லையா என்று சிலர் கேட்கலாம். நன்றாக உண்டு. 2017இல் நிறைவேறிய மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கின்றது. அறிவு தெளிந்திருக்கும் காலத்திலேயே, நோய் வந்தால் தனக்கு எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையையும் கொடுத்திருக்கின்றது. நமது தோழர் அப்படி எழுதி வைத்திருக்கின்றார். எழுச்சி தலைகாட்டினால் பாங்கிப் புத்தகமும் கடைச் சாவியும் மனைவியாரிடம் போக வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்துகொண்டிருக்கின்றார்கள். தன் நல்ல புத்தியைக் கொண்டு தன் கெட்ட காலத்துக்கு வழி செய்துகொள்ளுவதைவிடப் பெரிய சுயமரியாதை எது?

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படிப்பட்டவர் இருந்தால், கோடாங்கிக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தி, ஜில்லா அரசாங்கத் தலைமை ஆஸ்பத்திரியிலுள்ள மனநலப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டு போங்கள். வழி தெரியாவிட்டால், 2022 முதல் நடந்து வரும் 14416 என்னும் இலவச எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

நம் தோழர் அடகு வைத்த மிஷின்களில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. மற்றொன்றை மீட்கும் கடனில் பாதியை நாம் ஏற்றுக்கொண்டிருக்கின்றோம். அது நாம் செய்யும் தருமமல்ல, நமது அறியாமைக்கு நாம் கட்டும் அபராதம். இந்த அபராதத்தை இன்னொரு தோழர் கட்டும்படி நேரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதினோம்.